மல்லாரிக்கு அஞ்சுக்கு அஞ்சு

மகன் பத்தாம் வகுப்பு. வியாழக்கிழமை மாலை ஐந்தரையிலிருந்து ஏழரை வரை அவன் ரேடியோக்காரன். சியாட்டிலுக்குப் பக்கத்தில் அவன் படிக்கும் பள்ளிக்கூடத்துக்குச் சொந்தமாக ஒரு எஃப்.எம். ஸ்டேஷன் இருக்கிறது. பள்ளியின் பெயரை எழுதக் கூடாது என்பது அவன் உத்தரவு. வெறும் 100 வாட். எங்கள் வீடு மேட்டுக்குப் பின்னால் இருப்பதால் சமையலறை ரேடியோவில் இரைச்சல்தான் வரும். இணையத்தில் கேட்கலாம், ஆனால் எனக்கு அது ரேடியோ கேட்ட மாதிரி இருக்காது. அதனால் வியாழன்தோறும் மளிகைக் கடை பார்க்கிங்கில் காரை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருப்பேன்.

அமெரிக்காவில் இப்படிப் பள்ளிக்கூட ஸ்டேஷன்கள் நிறைய. 1948ல் ரேடியோவுக்கு உரிமம் கொடுக்கும் அரசு அமைப்பான எஃப்.சி.சி. வெறும் 10 வாட்டில் கல்வி ஒலிபரப்பு நடத்த அனுமதித்தது. ஒரு குண்டு பல்பு தின்கிற மின்சாரத்தை விடக் குறைவு. எஃப்.எம். பட்டையின் இடது ஓரம், 88லிருந்து 92 வரை, விளம்பரம் இல்லாத ஒலிபரப்புக்கென்றே ஒதுக்கியது. பிறகு 1978ல், சக்தியைக் கூட்டிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் உங்கள் அலைவரிசைக்குப் பாதுகாப்பு கிடையாது என்று அதே எஃப்.சி.சி. சொல்லிவிட்டது. சியாட்டிலின் நேதன் ஹேல் பள்ளி ஸ்டேஷன் 1971ல் 10 வாட்டில் தொடங்கியது. இன்று 8,500 வாட். நிர்வாணா என்ற ராக் குழுவும் கிட்டார் இரைச்சலுமாகப் பேர் வாங்கிய ஊரில், 89.5ல் அந்தப் பிள்ளைகள் போடுவது டான்ஸ் மியூசிக். பாலத்தில் டிராஃபிக்கில் மாட்டும்போதெல்லாம் அதைத்தான் கேட்பேன்.

மகன் சேர்ந்த புதிதில், "எங்க மியூசிக் டைரக்டர் ரொம்ப ஸ்டிரிக்ட்" என்றான். நமக்கு மியூசிக் டைரக்டர் என்றால் ஆர்மோனியப் பெட்டியும் வயலின் கூட்டமும்தானே நினைவுக்கு வரும்? பள்ளிக்கூடத்துக்கு எதற்கு இசையமைப்பாளர் என்று கேட்டுவிட்டேன். அப்புறம்தான் தெரிந்தது, எந்தப் பாட்டு ஸ்டேஷனுக்குள் வரலாம், எதற்கு அப்புறம் எது வரவேண்டும் என்று முடிவு செய்கிறவர்தான் இங்கே மியூசிக் டைரக்டர். அவருக்கு வயது 17. பல்லில் கம்பி போட்டிருக்கிறாள்.

ஒரு மணி நேரத்தை வட்டமாக வரைந்து துண்டு போட்டு ஸ்டூடியோ சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். அதற்குப் பெயரே கடிகாரம். ஏறக்குறைய 13 பாட்டு. அதில் மூன்று புதுசு, ஒன்று கட்டாயம் உள்ளூர்க்காரர்களுடையது, ஒன்று இவர்கள் பிறப்பதற்கு முன்னால் வந்தது. விளம்பரம் கிடையாது. உதவி செய்யும் பீட்சா கடைக்கு நன்றி சொல்லலாம், கடை எந்தத் தெருவில் என்றும் சொல்லலாம். "சுவையான பீட்சா" என்று சொல்லக் கூடாது, விலையைச் சொல்லக் கூடாது, "வாங்க" என்றும் கூப்பிடக் கூடாது. நம் ஊர் எஃப்.எம். தொகுப்பாளர்களை இந்தக் கடையில் விட்டால் நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

கடிகாரத்தில் "வேறு மொழி" என்று ஒரு மெல்லிய துண்டு காலியாக இருந்தது. விடுவேனா? மூன்று தமிழ்ப் பாட்டுகளை அனுப்பினேன். பதிலுக்கு ஒரு படிவம் வந்தது. பாட்டு எத்தனை நிமிடம், பாடத் தொடங்குவதற்கு முன் எத்தனை விநாடி இசை, வேகம் ஒன்றிலிருந்து ஐந்துக்குள் எவ்வளவு. கடைசியில், வரிகளின் பொருளை ஆங்கிலத்தில் முழுதாக எழுதவும், இரட்டை அர்த்தம் இருந்தால் குறிப்பிடவும்.

காரணம் இருக்கிறது. காலை 6 முதல் இரவு 10 வரை ஆபாசமான எதையும் ஒலிபரப்பக் கூடாது என்பது சட்டம். பிள்ளைகள் ஒன்பது மணிக்கே கம்ப்யூட்டரிடம் ஸ்டேஷனை ஒப்படைத்துவிட்டுப் போகிறவர்கள். புரியாத மொழியில் என்ன பாடுகிறார்கள் என்று யாராவது பொறுப்பேற்றுச் சொல்ல வேண்டாமா?

சரி என்று உட்கார்ந்தேன். முதல் பாட்டு மழை, ஜன்னல், நீ. பத்து நிமிடத்தில் முடிந்தது. இரண்டாவது, கல்லூரி விடுதியில் மேசையைத் தட்டித் தட்டி நாங்கள் பாடிய குத்துப் பாட்டு. முதல் வரியை எழுதினேன். அழித்தேன். காய்கறி வாங்குவது பற்றிய பாட்டு என்று எழுதிப் பார்த்தேன். பல்லில் கம்பி போட்ட பெண் அதைப் படிப்பதை நினைத்ததும் காது சூடாகிவிட்டது. மனைவி எட்டிப் பார்த்து, "இதைத்தானே கல்யாணம் ஆன நாளிலேர்ந்து சொல்றேன்" என்றாள். மூன்றாவது, குடித்துவிட்டு நண்பனைக் கட்டிக்கொண்டு அழும் கானா. ஆபாசம் இல்லைதான். ஆனாலும் பள்ளிக்கூடமாயிற்றே. இரண்டையும் நானே திரும்பப் பெற்றுக்கொண்டேன். மழைப் பாட்டுக்கு மியூசிக் டைரக்டர் எழுதியது: "அழகாக இருக்கிறது, ஆனால் வேகம் 1. வியாழன் மாலைக்குச் சரிவராது. ஞாயிறு இரவுக்கு வைத்துக்கொள்கிறேன்."

ஒரு வாரம் யோசித்து, நாதஸ்வர சி.டி. ஒன்றிலிருந்து மல்லாரியை அனுப்பினேன். பாடல் மொழி: இல்லை. வரிகள்: இல்லை. இரட்டை அர்த்தம்: சாமி புறப்பாட்டுக்கு வாசிப்பது, இல்லை. அன்று இரவே பதில் வந்தது. "வேகம் 5. முன்னால் உள்ளூர் பேண்ட் ஒன்றைப் போடச் சொல்லியிருக்கிறேன். அவர்களுடைய டிரம்ஸ் முடிகிற வேகத்தில்தான் இது தொடங்குகிறது."

அந்த வியாழன் ஆறு நாற்பதுக்கே பார்க்கிங்கில் இருந்தேன். கராஜில் பதிவு செய்த மாதிரி ஒரு கிட்டார், கடைசியில் டிரம்ஸ் மட்டும் தனியாக நாலு அடி. அது அடங்குவதற்குள் தவில் எடுத்துக்கொண்டது. நடுவில் ஒரு மூச்சு இடைவெளி கூட இல்லை. பக்கத்துக் காரில் பை ஏற்றிக்கொண்டிருந்த பெண்மணி திரும்பிப் பார்த்தார். ஜன்னலை இன்னும் கொஞ்சம் இறக்கினேன். நாதஸ்வரம் மேலே ஏற ஏற, தவில் நெருக்கிக்கொண்டே வந்து, இதோ முத்தாய்ப்பாகத் தீர்மானம் வைக்கப்போகிறார் என்று நான் ஸ்டியரிங்கில் கையை ஓங்கியபோது சத்தம் தேய்ந்து, மகன் குரல் வந்தது. ஸ்டேஷன் பெயர், ஊர் பெயர், மணி ஏழு.

வீட்டுக்கு வந்ததும் பிடித்துக்கொண்டேன். மணிக்கு ஒரு தடவை பெயர் சொல்வது சட்டம் என்றான். நானும் படித்துப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தேன். "டாண் என்று ஏழு மணிக்கே சொல்லணும்னு இல்லைடா. அதை ஒட்டி, நிகழ்ச்சியில் இயல்பா ஒரு இடைவெளி வரும்போது சொன்னால் போதும்."

தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டே கேட்டான். "தவில்ல எங்கப்பா இடைவெளி வருது?"