ஆரையம்பதி வீடும் இலண்டன் வரியும்

ஊரில் இருக்கிற சொத்துக்கு இலண்டனில் வரி வரும் என்றால் எங்கட ஆட்கள் பலர் சிரிப்பார்கள். "அது இலங்கைக் காணி, இவங்களுக்கு அதில என்ன கணக்கு?" என்பார்கள். கணக்கு இருக்கிறது. 2025 ஏப்ரல் 6இலிருந்து, கடந்த 20 வரி ஆண்டுகளில் 10 ஆண்டு பிரித்தானியாவில் வசித்தவர் இறந்தால், அவருடைய சொத்து எந்த நாட்டில் இருந்தாலும் வாரிசு வரிக்குள் வந்துவிடும். இலங்கையில் அப்படியொரு வரி இப்போது இல்லை. அதனால் "அங்கே கட்டிவிட்டேன், கழியுங்கள்" என்று கேட்கவும் வழியில்லை.

வீட்டைப் பிள்ளைகளுக்கு விட்டுச்செல்லும் தம்பதிக்கு மொத்தம் 10 இலட்சம் பவுண் வரை வரி கிடையாது. இலண்டன் ஈஸ்ட்ஹாமில் நாங்கள் இருக்கும் வீடு, சேமிப்பு, 2027 ஏப்ரலிலிருந்து கணக்கில் சேரப்போகும் எடுக்காத ஓய்வூதியப் பணம் எல்லாவற்றையும் கூட்டினால் நாங்கள் அந்த எல்லைக்கே வந்துவிடுகிறோம். அதற்கு மேலே நிற்கும் ஊர்ச் சொத்துக்கு 40 வீதம். மட்டக்களப்புப் பக்கம் ஆரையம்பதியில் இருக்கும் என் வீட்டை 3 கோடி ரூபாய் என்று வைத்தால், வரி மட்டும் 1 கோடியே 20 இலட்சம். அதுவும் இறந்த மாதம் முடிந்து ஆறு மாதத்துக்குள் கட்டவேண்டும், இல்லாவிட்டால் காணி, வீட்டுக்குரிய வரியை வட்டியோடு 10 ஆண்டுத் தவணையில் கட்டவேண்டும். ஆறு மாதத்தில் ஊரில் ஒரு காணியை விற்றுக் காசாக்க முடியுமா என்று நீங்களே யோசியுங்கள்.

அது அம்மா எனக்குச் சீதனமாக எழுதித் தந்த வீடு. நான் வெளிக்கிட்ட பிறகு தங்கச்சிதான் குடும்பத்தோடு அதில் இருக்கிறாள். அவளுக்கும் ஒரு பெண்பிள்ளை. எங்கள் பக்கத்தில் வீடு பெண்வழியாகத்தானே போகும், தங்கச்சிக்கே நன்கொடை உறுதி (கொடைப் பத்திரம்) எழுதிவிடுவோம் என்று முடிவெடுத்தோம். கொடுத்த பிறகு நான் 7 ஆண்டு உயிரோடு இருந்தால் வீடு வரிக் கணக்கிலிருந்து விலகிவிடும்.

மட்டக்களப்பில் நொத்தாரிசு ஐயா வரைவை வாசித்துக் காட்டினார். நடுவில், "எனது சீவிய காலம் வரை இருந்து அனுபவிக்கும் உரிமையை எனக்கு ஒதுக்கி வைத்து" என்று ஒரு வாசகம். ஊரில் வழக்கமாகச் சேர்க்கிறதுதான், நல்ல எண்ணத்தில் போட்டது. அதை எடுக்கச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"புள்ள, நாளைக்கு இவள் கதவைப் பூட்டினா எங்க போவாய்? எழுதின உறுதியை நீயாக இரத்துப் பண்ணேலாது. 2017இல சட்டம் வந்திட்டு, நன்றி கெட்டவள் எண்டு கோர்ட்டில நிரூபிக்க வேணும்."

"அக்கா, ஐயா சொல்றமாதிரி சீவிய உருத்து வைச்சே எழுதுங்க கா, எனக்கென்ன," என்றாள் தங்கச்சி.

ஆனால் சீவிய உருத்தை வைத்துக்கொண்டு கொடுத்தால், வாரிசு வரிக்கு அது கொடுத்ததாகவே ஆகாது. 7 ஆண்டுக் கணக்கு தொடங்கவே தொடங்காது. இலண்டன் வழக்கறிஞர் இதை முன்கூட்டியே சொல்லியிருந்தார். ஊரில் பாதுகாப்புக்குப் போடும் வாசகமே இலண்டனில் முழு ஏற்பாட்டையும் கெடுத்துவிடும். இனி நான் அந்த வீட்டில் விருந்தாளிதான். தங்கச்சியோடு வருடத்தில் ஒரு மாதத்துக்குக் குறைவாகத் தங்கினால் வரித்துறை அதைப் பெரிதுபடுத்தாது. அந்த வாசகத்தை எடுத்த பிறகே கையெழுத்து வைத்தேன். தங்கச்சி ஏற்றுக்கொண்டதாகக் கையொப்பமிட்டாள்.

சும்மா கொடுத்தாலும் அன்றைய சந்தை விலைக்கு விற்றதாகவே பிரித்தானியா எடுத்து, விலை ஏறிய தொகைக்கு மூலதன ஆதாய வரி கேட்கும். அதற்காக மதிப்பீட்டாளரின் அறிக்கையும் அம்மா எழுதிய பழைய உறுதியின் பிரதியும் எடுத்து வைத்தோம். நான் அங்கே குடியிருந்த காலத்துக்குச் சலுகை இருந்ததால் தொகை தாங்கக்கூடியதாக இருந்தது.

இறந்த பின் கைமாறும் சொத்துக்கு அந்த ஆதாய வரி இல்லை. அதனால் படுவான்கரையில் எனக்கு இருக்கும் வயலை இப்போது தொடவில்லை, மரணசாசனத்தில் மகளுக்கு எழுதினேன். விவசாய நிலத்துக்கு உள்ள சலுகை 2024 ஏப்ரலிலிருந்து பிரித்தானிய மண்ணுக்கு மட்டும்தான், எங்கள் வயலுக்குக் கிடைக்காது. மகள் பிரித்தானியப் பிரஜை. வெளிநாட்டவர் காணி வாங்குவதைத் தடுக்கும் 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம், பெற்றோரின் உறுதிக் காணி சாசனத்தால் பிள்ளைக்குப் போவதைத் தடுப்பதில்லை. அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த பெர்மிட் காணி வைத்திருப்பவர்கள் இதை நம்பி இருக்கவேண்டாம், அதன் சட்டம் வேறு.

இலங்கைச் சொத்துக்கு நொத்தாரிசு முன் இரண்டு சாட்சிகளோடு ஒரு சாசனம், இலண்டனில் இன்னொன்று. இலண்டன் சாசனத்தின் முதல் பந்தியில் "முந்திய சாசனங்கள் அனைத்தும் இரத்து" என்று அச்சடித்தே வரும். அதை அப்படியே விட்டால் மட்டக்களப்புச் சாசனமும் போய்விடும். "இலங்கையில் உள்ள சொத்து பற்றியது தவிர" என்று சேர்க்கச் சொல்லி, திருத்தி வந்த பிரதியை வாசித்த பிறகே ஒப்பமிட்டேன்.