சிங்கர் 29கே51: தையல் விடுவது முக்கால்வாசி நின்றது

நான்கு மாதங்களாக மூன்று தையலுக்கு ஒரு தையல் விட்டுக்கொண்டிருந்த என் சிங்கர் 29கே51 தோல் தையல் மெஷின், சென்ற ஞாயிற்றுக்கிழமை மாலை 2 மில்லிமீட்டர் தோலை இரட்டையாக வைத்து ஓட்டியபோது, ஓர் அடி நீளத்திற்கு ஒன்றைக்கூட விடாமல் தைத்து முடித்தது. மூன்றாவது அடுக்கைச் சேர்த்தவுடன் இரண்டு இடங்களில் விட்டுவிட்டது என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆயினும் இதற்கு முன்னர் இரட்டைத் தோலிலேயே மூச்சுத் திணறிய மெஷின் இது என்பதால், அன்றைக்கு நான் இரவுச் சாப்பாட்டைக்கூடப் பட்டறை மேசையிலேயே வைத்துச் சாப்பிட்டேன்.

ராணிப்பேட்டைப் பக்கம் பேருந்து நிலையத்தை ஒட்டிச் செருப்புத் தைக்கும் கடை வைத்திருந்த பெரியவர் ஒருவர், பார்வை மங்கித் தொழிலை விட்டபோது, காயலான்கடைக்குப் போகவிருந்த இந்த மெஷினை எனக்குக் கொடுத்தார். வண்டியில் ஏற்றும்போது அவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: “தம்பி, ஊசிய முட்ட ஏத்திடாதீங்க. ஒரு நகக்கனம் எடம் விட்டுப் பூட்டுங்க.” கையேட்டை வரிவரியாகப் படித்திருந்த நான், ஊசியின் தண்டு பிடிக்குள் மேலே முட்டும் வரை ஏற வேண்டும் என்பதை அறிந்தவனாகையால், தலையை ஆட்டிவிட்டு அதை அங்கேயே மறந்தேன்.

எண்ணில் உள்ள ‘கே’ என்பது ஸ்காட்லாந்தில் கிளைட்பேங்க் நகரின் கில்போவி ஆலையைக் குறிக்கிறது. 1885இல் தொடங்கி 1980இல் மூடப்பட்ட அந்த ஆலையிலிருந்து வந்த வார்ப்பிரும்பு, நம் ஊர் வெயிலிலும் மழையிலும் தெருவோரத்திலேயே காலம் தள்ளியும் எங்கும் விரிசல் விடவில்லை. கழற்றுவது, மண்ணெண்ணெயில் ஊறவைப்பது, பிசினாக இறுகிய எண்ணெயைச் சுரண்டுவது ஆகியவற்றை இங்கே விவரிக்கவில்லை. இந்த வேலையில் இருப்பவர்கள் எல்லோரும் பட்ட பாடுதான் அது. தங்க நிறப் பூவேலை கொஞ்சம் மிஞ்சியிருந்ததால் புதிய பெயிண்ட் அடிக்கவில்லை. ஊசித்தண்டின் உள்துளை வழியாக நூலை இழுப்பதற்கான கொக்கிக் கம்பி மட்டும் மெஷினோடு வரவில்லை. சைக்கிள் பிரேக் கேபிளின் ஓர் இழையைப் பிரித்து, நுனியை வளைத்து, உப்புத்தாளில் தேய்த்துக்கொண்டேன். நன்றாகவே வேலை செய்கிறது.

பூட்டி முடித்து ஓட்டியபோது தையல் விட ஆரம்பித்தது. முதலில் ஊசியைச் சந்தேகித்தேன். துணிக்கான 29x3 ஊசியைத் தோலில் ஓட்டுகிறேனோ என்று பார்த்தால், போட்டிருந்தது தோலுக்கான 29x4தான். நூலை மாற்றினேன், 69ஆம் எண் பாண்டட் நைலான் நூலைவிடத் தடித்த எதையும், அடிநூலுக்கான இந்தச் சிறிய பாபினில் சுற்றிப் பயனில்லை. நூலை இறுக்கும் டென்ஷன் தட்டுகளைத் துடைத்தேன், ஸ்பிரிங்கை மாற்றினேன், பாபினைச் சுமந்து ஆடும் ஷட்டிலின் மூக்கைத் தீட்டினேன். இரண்டு மாதங்கள் இப்படியே போயின. பிறகு ஒரு நாள் எரிச்சலில், பெரியவர் சொன்னபடி ஊசியை ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் இறக்கிப் பூட்டினேன். மெஷின் சாதுவாகத் தைத்தது. அது எனக்கு மகிழ்ச்சியைவிட அவமானத்தையே தந்தது.

காரணத்தைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்று தோலை அழுத்தும் ஃபுட்டையும் ஊசிக்குக் கீழுள்ள தட்டையும் கழற்றிவிட்டு, ஊசியை முட்ட ஏற்றி, கைச்சக்கரத்தை மெதுவாகச் சுற்றினேன். ஊசி கீழே போய்த் திரும்பி மேலேறத் தொடங்கும்போது நூல் ஒரு சிறு கண்ணியாகப் புடைக்கும். ஷட்டிலின் மூக்கு ஊசிக் காதுக்குச் சற்று மேலே வந்து அந்தக் கண்ணியைக் கவ்வ வேண்டும். என் மெஷினில் மூக்கு வந்து சேரும் நேரத்தில் ஊசி அதிகமாக ஏறிவிட்டிருந்தது. மூக்கு காதின் நேரிலேயே, சில சமயம் அதற்கும் கீழே கடந்தது. ஊசியை ஒரு மில்லிமீட்டர் இறக்கினால் காதும் அதே அளவு இறங்குகிறது, மூக்கு மீண்டும் காதுக்கு மேலே வந்துவிடுகிறது. பெரியவர் எந்த அளவுகோலும் இல்லாமல் விரல் நுனியால் கண்டுபிடித்திருந்த கணக்கு இது.

மூக்கின் தாமதம் எங்கிருந்து வருகிறது என்பதே அடுத்த கேள்வி. மெஷினின் கைப்பகுதிக்குள் நீளமாக ஓடும் ரேக் என்ற பல்தண்டு முன்னும் பின்னும் நகர்ந்து, பினியன் என்ற சிறு பல்சக்கரத்தைத் திருப்ப, அந்தப் பினியன் ஷட்டிலைச் சுமக்கும் வளையச் சக்கரத்தை இப்படியும் அப்படியும் ஆட்டுகிறது. இந்த மூன்றில் எங்கே தேய்ந்தாலும் ஆட்டம் முழுவதும் ஷட்டிலின் மூக்கில் வந்து சேரும். கைச்சக்கரத்தின் விளிம்பில் ஒரு காகிதப் பட்டையை ஒட்டி, ஷட்டிலை இடது கை விரலால் லேசாக அழுத்திப் பிடித்துக்கொண்டு, சக்கரத்தை ஒரு திசையில் சுற்றி நிறுத்திக் கோடு போட்டேன். பிறகு எதிர்த்திசையில், விரலுக்கு அசைவு தெரியும் கணத்தில் இன்னொரு கோடு. ஷட்டிலை அசைக்காமல் சக்கரம் வெறுமனே சுற்றிய இடைவெளி 22 மில்லிமீட்டர். பத்து முறை செய்தும் 21க்குக் குறையவில்லை. பினியனை வெளியே எடுத்துச் சன்னல் வெளிச்சத்தில் பார்த்தபோது, பற்களின் ஒரு பக்கம் அரிவாள் முனைபோல் கூர்ந்து, மறுபக்கம் ஏறக்குறைய புதிதாகவே இருந்தது.

உடனே கைவைத்த குறுக்குவழி, பினியனை ஒரு பல் தள்ளிப் பூட்டுவது. இதை யாரும் செய்து நேரத்தை வீணாக்க வேண்டாம். ஒரு பல் என்பது மிகப் பெரிய தாவல். தாமதமாக வந்த மூக்கு இப்போது ஊசி அடியைத் தொடுவதற்கு முன்பே கடந்துவிட்டது, கண்ணியே உருவாகவில்லை.

புதிய பினியன் வாங்கியதைப் பற்றிச் சொல்ல வேண்டும். இணையத்தில் ‘அசல்’ என்று விற்றவர் அனுப்பிய முதல் பினியனின் துளை, தண்டில் பாதி தூரம்கூட ஏறவில்லை; திருப்பி அனுப்பும் செலவு என் தலையில்தான். சென்னை பெரியமேட்டில் தோல் கடைகளுக்கு நடுவே உதிரிப் பாகம் விற்கும் ஒரு சிறிய கடையில் கிடைத்த இரண்டாவது, துளையில் சரியாக அமர்ந்தாலும் பற்களில் இறுக்கமாக இருந்தது. சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்ற முழு உடல் பலமும் தேவைப்பட்டது. வால்வு தேய்க்கும் பேஸ்ட்டைப் போடலாம் என்று நண்பர் ஒருவர் சொன்னார். அதன் மணல் மென்மையான உலோகத்தில் பதிந்து ஆண்டுக்கணக்கில் அரித்துக்கொண்டே இருக்கும் என்பதால் நான் அதைத் தொடவில்லை. பித்தளை துலக்கும் பாலிஷைப் பற்களில் தடவி, ஊசியும் நூலும் இல்லாமல், ஒரு மாலைக்கு 20 நிமிடம் வீதம் ஐந்து நாள் கையால் சுற்றினேன். ஒவ்வொரு நாளும் கரிய குழம்பை மண்ணெண்ணெயில் கழுவி, மெஷின் ஆயில் விட்டு, அடுத்த நாள் மீண்டும் தொடங்கினேன். நான்காம் நாள் நடுவில் ‘கரக் கரக்’ என்ற ஒலி நின்று, சக்கரம் தன் கனத்திலேயே கால் சுற்று ஓடியது. அந்த ஒலி நின்ற நேரத்தைச் சுவரில் பென்சிலால் எழுதிவைத்திருக்கிறேன்.

இப்போது காகிதப் பட்டையில் இடைவெளி 9 மில்லிமீட்டர். ஊசியை முட்ட ஏற்றினால் மூக்கு காதுக்கு அரை மில்லிமீட்டர் மேலே கடக்கிறது, ஒன்றரை வேண்டும். மிஞ்சியிருப்பது வளையச் சக்கரத்தின் தேய்மானம் என்றே நினைக்கிறேன், அதற்கும் அதே கடையில் சொல்லிவைத்திருக்கிறேன்.

அது வருவதற்குள் மனம் தையல் நீளத்தின் பக்கம் போய்விட்டது. இந்த மெஷினில் தோலை இழுப்பது மேலே உள்ள ஃபுட் மட்டுமே. அதை எந்தத் திசைக்கும் திருப்பலாம் என்பதற்காகத்தான் இதை வாங்கினேன். ஆனால் அந்த ஃபுட்டை நகர்த்தும் வளைந்த நெம்புகோலின் நுனி தேய்ந்திருப்பதால், முழுவதும் திறந்து வைத்தாலும் தையல் 3 மில்லிமீட்டரைத் தாண்டுவதில்லை. நுனியில் பித்தளைப் பற்றவைப்புச் செய்து, அரத்தால் பழைய வடிவத்துக்குக் கொண்டுவரலாம் என்று லேத் பட்டறைக்காரர் சொல்கிறார். அவரிடம் கொடுப்பதற்கு முன் நெம்புகோலை அட்டையில் வைத்து வரைந்துகொள்ள வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை தைத்தது ஒரு பழைய கைப்பையின் வார். அதைத் தைத்தபோதும், இன்றைக்கும், ஊசியை அரை மில்லிமீட்டர் இறக்கியே பூட்டியிருக்கிறேன்.