வளையமும் வெயிங் மெஷினும்

2 ஜனவரி 2024, செவ்வாய் – ரோஸ் ஹில்

காலையில் எடை 78.6 கிலோ. வெறும் வயிற்றில், நைட்டியோடு. நைட்டிக்கு 200 கிராம் கழித்துக்கொள்ளலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். அப்புறம் எனக்கே வெட்கமாகப் போய்விட்டது.

போன மாதம் எடுத்த ரத்தப் பரிசோதனையில் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 6.1. 5.7 முதல் 6.4 வரை எல்லைக்கோடு, 6.5 தொட்டால் நோயாளி. மொரீஷியஸில் இதைச் சொன்னால் யாரும் புருவத்தைக்கூடத் தூக்க மாட்டார்கள். பெரியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குச் சர்க்கரை இருக்கிற தீவு இது. காரைக்குடியிலிருந்து கல்யாணமாகி வந்தபோது நான் 54 கிலோ. பதினான்கு வருஷம், இரண்டு பிள்ளைகள், எத்தனை டால் பூரி என்று கணக்கில்லை.

ஜிம்மில் சேர்வதாக நான் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டதால் அவர் யாரிடமோ செகண்ட் ஹேண்டில் ஒரு கேம் வாங்கி வந்திருக்கிறார். ரிங் ஃபிட் அட்வென்ச்சர். நின்டெண்டோ 2019-இல் வெளியிட்டது. பெரியவனின் ஸ்விட்ச் என்ற கேம் பெட்டியில் ஓடும். கையில் ஒரு வளையம், இடது தொடையில் ஒரு பட்டை. நின்ற இடத்தில் ஓடினால் திரையில் பொம்மை ஓடும். வளையத்தை அழுத்தினால் காற்று பாயும். உட்கார்ந்து எழுந்தால் எதிரிக்கு அடி விழும். வில்லன் ஒரு டிராகன், கட்டுமஸ்தான உடம்பு, எந்நேரமும் உடற்பயிற்சிதான். என்னைவிட ஒழுக்கமானவன்.

“அம்மா, நீ தோத்துட்டே” என்று சின்னவள் இரண்டு முறை அறிவித்தாள்.

6 ஜனவரி, சனி

தொடை வலி. மாடிப்படி இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கிழவி மாதிரி இறங்கினேன். நிஜமான கிழவி, அதாவது என் மாமியார், பின்னால் வந்து “ஆயோ மாமா!” (தீவின் பேச்சுமொழியான கிரியோலில் ‘ஐயோ அம்மா’) என்று சிரித்தார்.

இந்த வீட்டில் எல்லாவற்றையும் பிரெஞ்சில் வைப்பதுதான் பழக்கம், கேமும் பிரெஞ்சில்தான் பேசுகிறது. ஆக, ஜப்பான்காரன் செய்த பெட்டி, பிரெஞ்சுக் குரலில், ஒரு செட்டிநாட்டுப் பெண்ணுக்கு விருட்சாசனம் சொல்லிக்கொடுக்கிறது. பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர் சொல்லிக்கொடுத்தபோது நான் காலை ஊன்றி ஏமாற்றியிருக்கிறேன். இங்கே தொடைப்பட்டை கண்டுபிடித்துவிடுகிறது.

ஆட்டம் முடிந்ததும் ஒரு கணக்குக் காட்டும். நான் டிவி முன்னால் நின்றது நாற்பது நிமிஷம். நிஜமாக உடம்பு அசைந்த நேரம் 17 நிமிஷம் என்கிறது. மிச்சமெல்லாம் டிராகன் பேசுவதும் நான் தண்ணீர் குடிப்பதும். எரிந்தது 68 கலோரி. கணக்கெழுதுவது என் தொழில், சும்மா இருக்க முடியுமா? ஒரு கிலோ கொழுப்புக்குத் தோராயமாக 7700 கலோரி. 68-ஆல் வகுத்தால் 113 நாள். அதுவும் இன்று சாயங்காலம் பன்னுக்குள் வைத்துத் தின்ற இரண்டு கத்தோ பிமானைக் கணக்கில் சேர்க்காமல். (கத்தோ பிமான் என்பது நம் பருப்பு வடைதான். பிரெஞ்சுச் சட்டை மாட்டிக்கொண்டிருக்கிறது, அவ்வளவே.)

15 ஜனவரி, திங்கள் – பொங்கல்

பெலால் புயல். போர்ட் லூயியில் வெள்ளம், கார்கள் மிதந்துபோகிற வீடியோ போன் முழுக்க. அவர் வீடு வந்து சேரும்வரை நானும் அத்தையும் வாசலுக்கும் ஜன்னலுக்கும் நடந்ததை யாராவது அளந்திருந்தால் இந்த மாதத்திலேயே பெரிய எண்ணிக்கை அதுதான்.

பொங்கலை உள்ளேயே காஸ் அடுப்பில் வைத்தோம். பால் பொங்கி அடுப்பை அணைத்துவிட்டது. அத்தை விடாமல் மறுபடி பற்றவைத்து “பொங்கலோ பொங்கல்” சொல்ல வைத்தார். அவருடைய தமிழ் கோயில் தமிழும் பண்டிகைத் தமிழும்தான், மற்றதெல்லாம் கிரியோல் (இங்கே நான்தான் தமிழாக்கி எழுதிக்கொள்கிறேன்). ஆனால் அந்த இரண்டு சொல்லைச் சொல்லும்போது குரல் எங்கள் ஊர் ஆயா குரல் மாதிரியே இருக்கும்.

ஜன்னலெல்லாம் அடைத்து, வெளியே காற்று ஊளையிட, மத்தியானம் பிள்ளைகளும் நானும் மாறி மாறி ஆடினோம். மூன்று மணிக்குக் கரண்ட் போனது. வெளியே கால் வைக்க முடியாத நாளில் வியர்த்தேன். இதற்காகவாவது இந்தப் பெட்டிக்கு ஒரு மதிப்பெண் போட வேண்டும்.

26 ஜனவரி, வெள்ளி

நேற்று தைப்பூசக் காவடி. இங்கே அன்று அரசு விடுமுறை. பத்து நாள் விரதம், கறி மீன் முட்டை எதுவும் வீட்டுக்குள் வரவில்லை. நான் ராத்திரியில் பழம் மட்டும். அவர் காவடி எடுத்தார். கத்ர் போர்ணில், கோர் த கார்த் மலைச்சரிவில் இருக்கும் முருகன் கோயில் படிகளைச் செருப்பில்லாமல் வெயிலில் ஏறினேன். கோயில் சாப்பாட்டில் ஏழு கறி, வாழையிலை.

இன்று காலை 76.9.

பெரியவன் குதித்தான்: “பார்த்தியா, கேம் வேலை செய்யுது!” இல்லையடா கண்ணா. இந்தப் பத்து நாளில் கேமை மூன்று தடவைதான் தொட்டேன். இது முருகன் கணக்கு. அதிலும் பாதி தண்ணீராக இருக்கும், ஒரு வாரத்தில் திரும்பி வந்து வாசலில் நிற்கும்.

11 பிப்ரவரி, ஞாயிறு

வந்துவிட்டது. 77.9.

வளையம் சோபாவுக்குப் பின்னால் கிடக்கிறது. ஆறு நாளாகத் தொடவில்லை. முதல் வாரம் டிராகன் என்ன செய்வானோ என்று இருந்தது. இப்போது அவன் என்ன செய்தாலும் எனக்கென்ன.

வாக்வாவில் நாத்தனார் வீட்டுக்குப் போயிருந்தோம். சமையலறையில் காஸ் சிலிண்டருக்குக் கீழே வெள்ளையாக ஒரு பலகை. எங்கோ பார்த்த மாதிரி இருக்கிறதே என்று குனிந்து பார்த்தால் வீ ஃபிட் பலகை! நின்டெண்டோவின் பழைய கேம் பெட்டியான வீயோடு சேர்த்து ஆடுவது. அந்தக் காலத்தில் அதன்மேல் ஏறி நின்றால் எடை சொல்லும், உடம்புக்கு என்ன வயது என்றும் சொல்லும். “ஒரு மாசம் ஆடினோம் அண்ணி. அப்புறம் சிலிண்டர் துருப்பிடிச்சு டைல்ஸெல்லாம் கறையாச்சு, அதுக்கு வச்சுட்டேன்” என்றாள்.

ராத்திரி தூக்கம் வராமல் போனில் தேடிப் படித்தேன். இந்த ஆசை பழையது. 1998-இல் ஜப்பானில் கொனாமியின் டான்ஸ் டான்ஸ் ரெவல்யூஷன் (காலால் மிதித்து ஆடுவது), 2006-இல் வீ, 2010-இல் கினெக்ட் (நம் அசைவைக் கேமரா பார்த்து ஆடுவது). ஒவ்வொன்றும் வந்தபோது பிள்ளைகள் இனி இளைத்துவிடுவார்கள் என்று யாராவது எழுதியிருக்கிறார்கள். 2007 டிசம்பரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஓர் ஆய்வில் வளர்ந்த பிள்ளைகளை வீயில் டென்னிஸ், பாக்சிங் ஆடவிட்டு அளந்திருக்கிறார்கள். உட்கார்ந்து ஆடும் கேமைவிடப் பாதிக்கு மேல் கூடுதலாகச் சக்தி செலவாகியிருக்கிறது. ஆனால் நிஜ மைதானத்தில் டென்னிஸ் ஆடினால் செலவாவதன் பக்கத்தில்கூட வரவில்லை. என் 68 கலோரியும் அதைத்தான் சொல்கிறது.

வெளியே நடந்து ஆடும் போன் கேமான போகிமான் கோ பற்றி இன்னோர் ஆய்வு, 2016-இல் வந்தது. ஆடத் தொடங்கிய முதல் வாரம் ஒரு நாளைக்கு 955 காலடி கூடுதலாக எடுத்து வைத்தவர்கள், ஆறாவது வாரத்தில் பழைய நடைக்கே திரும்பிவிட்டார்கள். இன்று எனக்கு ஆறாவது வாரம். படித்துவிட்டுச் சத்தமாகச் சிரித்தேன். அவர் விழித்து என்ன என்று கேட்டார்.

18 பிப்ரவரி, ஞாயிறு

இரண்டு ஆய்வுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், தொழில்புத்தி.

ஹூஸ்டனில் 9 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கு வீயும் ஆட்டங்களும் கொடுத்து 13 வாரம் சும்மா விட்டார்கள். பாதிப் பேருக்கு உடம்பு அசைக்கும் கேம், மீதிப் பேருக்கு உட்கார்ந்து ஆடும் கேம். முடிவில் இரண்டு கூட்டமும் ஓடியாடிய அளவு ஒன்றுதான். வித்தியாசமே இல்லை.

லூசியானாவில் இன்னொரு கூட்டம், 2018-இல் வெளிவந்தது. அதிக எடையுள்ள 46 பிள்ளைகள், அதில் பாதிப் பேருக்கு 24 வாரம் கினெக்ட். இவர்களுக்கு மட்டும் ஒரு பயிற்சியாளர் வீடியோ காலில் வந்து “இந்த வாரம் எத்தனை நாள் ஆடினாய்” என்று கேட்டார். இவர்களுடைய வயதுக்கேற்ற எடைக் குறியீடு (உயரத்தோடு ஒப்பிட்டு எடையை அளப்பது) 3 சதவீதம் இறங்கியது, கேம் கிடைக்காத பிள்ளைகளுக்கு 1 சதவீதம் ஏறியது. வீட்டில் கேட்க ஆள் இருந்த பிள்ளை ஆடியிருக்கிறது.

நடுவில் ஒரு நியூசிலாந்து ஆய்வும் உண்டு. 322 பிள்ளைகள், ஆறு மாதம், எடைக் குறியீட்டில் வித்தியாசம் 0.24. ஒன்றரை மீட்டர் உயரப் பையனுக்குக் கணக்குப் போட்டால் அரைக் கிலோ. அரைக் கிலோ என்றால் இங்கே மார்க்கெட்டில் ஒரு கை நிறையத் தக்காளி. ஒன்றுமில்லை என்று சொல்ல எனக்கு மனமில்லை, பெரிதாகக் கொண்டாடவும் முடியவில்லை. நான் பார்த்ததில் பெரும்பாலும் பிள்ளைகளை வைத்துச் செய்தவைதான். நாற்பது தாண்டிய கணக்காளினிகளை யாரும் சீந்தியதாகத் தெரியவில்லை.

எனக்குக் கேட்க ஆள்? அத்தையிடம் விளையாட்டாகச் சொன்னேன்: “சாயங்காலம் ஆறு மணிக்கு நீங்க சோபாவுல உட்கார்ந்து நான் ஆடுறதைப் பார்க்கணும்.”

“டிக்கெட் எவ்வளவு?” என்று கேட்டார்.

3 மார்ச், ஞாயிறு

வாங்கிக் கட்டிக்கொள்கிறேன். இந்த அம்மாள் தொடைப்பட்டையைவிட மோசம். “முட்டி மடங்கல.” “பாதிதான் உட்கார்ந்தே, எனக்குத் தெரியும்.” நேற்று தலைவலி என்று சொல்லிப் பார்த்தேன். ஒரு மாத்திரையும் தண்ணீரும் கொண்டுவந்து வைத்துவிட்டு, சோபாவில் போய் உட்கார்ந்து, வளையத்தை நீட்டினார். இரண்டு வாரத்தில் பதினோரு நாள் ஆடியிருக்கிறேன். ஜனவரி முழுக்கச் சேர்த்தால்கூட ஒன்பதுதான்.

ஆடி முடித்ததும் பேச்சு நடக்கும். இன்று ரேஷன் எண்ணெய்ப் பேச்சு வந்தது. 1987-இல் அரசாங்கம் ரேஷன் எண்ணெயை மாற்றியது, பெரும்பாலும் பாமாயிலாக இருந்தது சோயா எண்ணெயாயிற்று. அத்தைக்கு அந்த மாற்றம் நன்றாக ஞாபகம் இருக்கிறது: “வாசனை வேற, பஜ்ஜி வேற மாதிரி வந்துச்சு. மாமா ஒரு வாரம் முறைச்சுக்கிட்டே சாப்பிட்டார்.” அடுத்த ஐந்து வருஷத்தில் தீவு மக்களின் ரத்தக் கொழுப்பு நன்றாகவே இறங்கியது, புகைபிடிப்பதும் குறைந்தது. பருமன் மட்டும் ஏறிக்கொண்டே போயிற்று. யாரையும் ஓடச் சொல்லாமல், ஒரு டின் எண்ணெயை மாற்றி அவ்வளவு செய்த அரசாங்கத்துக்கும் தொப்பை மட்டும் மசியவில்லை.

9 மார்ச், சனி

நேற்று மகா சிவராத்திரி. வாரம் முழுக்க வெள்ளை உடுப்பில் கூட்டம் கூட்டமாக, கங்கையாகக் கும்பிடும் கிரான் பசென் ஏரிக்கு நடந்து போனார்கள். பக்கத்து வீட்டுப் பையன் இங்கிருந்தே நடந்து போய்வந்து, கொப்புளக் காலைக் காட்டினான். நூற்றிப்பத்துக் கிலோ இருப்பான். கேம் ஆடுவாயா என்று கேட்டேன். “நடந்தால் கங்கைத் தண்ணீர் கிடைக்கும் ஆன்ட்டி, கேமில் என்ன கிடைக்கும்?”

ஒரு ஸ்மூத்தி கிடைக்கும், அதையும் வளையத்தை அழுத்தி நானே பிழிய வேண்டும் என்று சொல்ல நினைத்து விட்டுவிட்டேன்.

7 ஏப்ரல், ஞாயிறு

ரத்தம் கொடுத்துவிட்டு வந்தேன், முடிவும் வந்துவிட்டது. சர்க்கரை 5.9. எடை 77.0. இடுப்பு 98 சென்டிமீட்டர் இருந்தது 94. மூன்று மாதத்தில் ஒன்றரைக் கிலோ சொச்சம். டாக்டர் காகிதத்தைப் பார்த்துவிட்டு ராத்திரிச் சாப்பாட்டைத்தான் கேட்டார், கேமைப் பற்றிக் கேட்கவில்லை. நானே சொன்னேன். “மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்குகிறதா?” என்றார். அப்போதுதான் யோசித்தேன். வாங்கவில்லை. எப்போதிலிருந்து என்றே தெரியவில்லை. எடையைத்தானே தினம் எழுதிக்கொண்டிருந்தேன்.

இதில் கேமின் பங்கு எவ்வளவு, சோற்றைக் குறைத்ததன் பங்கு எவ்வளவு, அத்தையின் பங்கு எவ்வளவு என்று தனித்தனியாகப் பிரித்து எழுத என்னால் ஆகாது. வரவு ஒரே கணக்கில் விழுந்திருக்கிறது.

10 ஏப்ரல், புதன்

ஒரு மர்மம். சாயங்காலம் கேமைத் திறந்தால் “500 தடவை அழுத்தியிருக்கிறீர்கள்” என்று பாராட்டுகிறது. நான் இன்று வளையத்தையே தொடவில்லை. பெரியவனை விசாரித்தால் சிரிக்கிறான். டிவியில் கேம் ஓடாதபோதும் வளையத்தை அழுத்தினால் எண்ணி வைத்துக்கொள்ளும் வசதி ஒன்று இருக்கிறதாம். பாட்டிக்கு அவன்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறான்.

அத்தையிடம் போனேன். சீரியல் ஓடிக்கொண்டிருந்தது. மடியில் வளையம்.

“நீங்களும் ஆடுறீங்களா?”

“நான் எங்கே ஆடுறேன்? கை சும்மா இருக்குதேன்னு” என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். அப்புறம் வளையத்தை என் பக்கம் நீட்டி, “இது சரியில்ல. ஐந்நூறுக்கு மேல எண்ண மாட்டேங்குது. உன் புருஷனைக் கேட்கச் சொல்லு” என்றார்.