முந்தானையில் முடிந்த மாத்திரைகள்

2008-இல் ஒரு கேள்வித்தாளைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றினேன். தேசிய ஊரக சுகாதார இயக்கம் 2005-இல் தொடங்கியபோதே, அரசு மருத்துவச் சேவையை மக்களே கண்காணித்துச் சொல்ல வேண்டும் என்ற ஏற்பாடும் அதில் இருந்தது. முதல் கட்டமாக ஒன்பது மாநிலங்களில் செய்து பார்த்தார்கள். தமிழ்நாடும் அதில் ஒன்று. ஊர்க்காரர்கள் உட்கார்ந்து பேசி ஒவ்வொரு சேவைக்கும் ஒரு நிறம் கொடுப்பார்கள். நன்றாக இருந்தால் பச்சை, சுமார் என்றால் மஞ்சள், மோசம் என்றால் சிவப்பு.

ஓர் ஊரில் கோயில் திண்ணையில் கூட்டம். “ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்து கிடைக்கிறதா?” என்று கேட்டேன். “கிடைக்குது, கிடைக்குது” என்றார்கள். பச்சை பென்சிலை எடுத்துவிட்டேன். ஓரமாக உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி, “எனக்குச் சிவப்பு போடு தம்பி” என்றார்.

“ஏன் பாட்டி, உங்களுக்குக் கொடுக்கலையா?”

அவர் முந்தானை முடிச்சை அவிழ்த்தார். கசங்கிய காகிதத் துண்டு ஒன்றில் பதினைந்து, இருபது மாத்திரைகள். எல்லாம் வெள்ளை, எல்லாம் வட்டம். பிரஷர் மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் ஒன்றாகக் கலந்து கிடந்தன. “குடுக்கத்தான் குடுத்தாங்க. எது காலையில, எது ராத்திரின்னு கேட்டா, பின்னாடி ஆளு நிக்குது, நகருன்னுட்டாங்க. தப்பா முழுங்கிட்டா என்ன பண்றதுன்னு அப்படியே வச்சிருக்கேன்.”

என் தாளில் இதை எழுத இடமே இல்லை. இருப்பு உண்டா, இல்லையா என்பதுதான் கேள்வி. மருந்து இருப்பில் இருந்தது, ஆனால் பாட்டிக்கு வைத்தியம் கிடைக்கவில்லை. கேள்வியைத் தயாரித்தவர்கள் நல்லெண்ணத்தோடுதான் தயாரித்தார்கள். ஆனால் எதைக் கேட்பது என்பதை முடிவு செய்த இடத்தில் அந்தப் பாட்டியைப் போன்ற ஒருவர்கூட இல்லை. கேள்விகள் முடிவான பிறகு மக்களிடம் வந்து நிறம் மட்டும் கேட்டோம். அன்றிலிருந்து இது எனக்குப் பெரிய உறுத்தல்.

எதைப் பேசுவது என்று முடிவு செய்யும் இடத்தில் மக்களும் இருப்பதைத் தாய்லாந்தில் சட்டமாகவே ஆக்கியிருக்கிறார்கள். 2007-இல் தேசிய சுகாதாரச் சட்டம் வந்தது. 2008 முதல் தேசிய சுகாதாரப் பேரவை கூடுகிறது. அரசு அதிகாரிகள், அறிவுத்துறையினர், மக்கள் அமைப்புகள் என மூன்று தரப்பும் அதில் உட்காருகின்றன. இதற்குப் பின்னால் இருந்த கருத்தை மருத்துவர் பிரவேஸ் வாசி ‘மலையை நகர்த்தும் முக்கோணம்’ என்றார். எனக்குப் பிடித்தது, எதைப் பற்றிப் பேசுவது என்பதையே அங்கே மக்கள் அமைப்புகளும் முன்வைக்கலாம் என்பதுதான். தமிழ்நாட்டிலும் பிற்பாடு மாவட்ட, மாநில அளவில் சுகாதாரப் பேரவைகள் கூட்டப்பட்டது எனக்கு உண்மையிலேயே சந்தோஷம்.

சரி, அந்த ஊருக்கு வருகிறேன். மருந்துக் கேள்விக்குச் சிவப்பே போட்டோம். கலந்துரையாடல் கூட்டத்தில் அதிகாரி ஒருவர், “ஸ்டாக் ரிஜிஸ்டரைப் பாருங்கள், எல்லாம் சரியாக இருக்கிறது” என்று கோபப்பட்டார். மருந்தாளுநர் மட்டும் எதுவும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். அடுத்த மாதம் போனபோது, சின்னச் சின்னக் கவர்களில் பேனாவால் படம் போட்டு மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தார். காலைக்குச் சூரியன், இரவுக்குப் பிறை.

ஒரு வருடத்தில் அவர் மாற்றலாகிப் போய்விட்டார். உத்தரவு என்று எதுவும் இல்லாததால், புதிதாக வந்தவரிடம் யாரும் இதைச் சொல்லவில்லை. பாட்டிதான் வரிசையில் நின்று கேட்டாராம்: “ஏம்ப்பா, அந்தச் சூரியனைப் போட்டுக் குடு.”