புதுச்சேரிக்கு மட்டும் வராத வரி

ஆகஸ்ட் கடைசியில் காரைக்காலிலிருந்து ஒரு டீச்சரம்மா போன் செய்தார். "ஏம்மா, கும்பகோணத்துல என் தங்கச்சியும் இதே ஊதுபத்திப் பெட்டிதான் வாங்கினா. அவளுக்கு 420 ரூபாய். எனக்கு 400தான் எடுத்திருக்கு. கொஞ்சம் பாருங்க."

பணம் குறைவாகப் போனதற்காகக் கூப்பிட்டுச் சொன்னவர் அவர். நானோ, "ஏதாவது ஆஃபர் இருந்திருக்கும்மா" என்று சொல்லி வைத்துவிட்டேன். எங்கள் கடையில் அப்போது ஆஃபர் எதுவும் இல்லை. அன்றைக்கே உட்கார்ந்து பார்க்காமல் விட்டது இப்போது நினைத்தாலும் உறுத்துகிறது.

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் வீட்டு மாடியில் வைத்து ஊதுபத்தி பேக் செய்து, சொந்த வெப்சைட்டில் விற்கிறேன். ஊதுபத்திக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். பெட்டியில் எம்ஆர்பி அச்சிட்ட பொருளுக்கு அதற்கு மேல் தனியாக வரி வாங்கக் கூடாது என்பதால், சைட்டிலும் வரி சேர்த்த விலையே போட்டிருக்கிறேன். 420 என்றால் 400 சரக்கு, 20 வரி. ஆகஸ்ட் முதல் வாரத்தில் எக்ஸ்பிரஸ் செக்அவுட் பட்டன் வைத்தோம். போன் நம்பர், ஓடிபி, ஏற்கெனவே சேமித்த முகவரி, பணம், அவ்வளவுதான். பாதி ஆர்டர் அந்த வழியாகவே வர ஆரம்பித்தது. ரொம்ப சந்தோஷமாக இருந்தேன்.

அக்டோபர் முதல் வாரம், செப்டம்பர் மாத ஜிஎஸ்டிஆர்-1 (மாத விற்பனைக் கணக்கு ரிட்டர்ன்) போட ஆடிட்டர் பில்களை எடுத்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. "ஏம்மா, வரியே இல்லாம பில் போட்டிருக்கீங்க?" என்று ஒரு கட்டு பில்லை என் பக்கம் தள்ளினார். ஆகஸ்டையும் சேர்த்து எண்ணினால் 31 ஆர்டர். எல்லாமே எக்ஸ்பிரஸ் பட்டன் வழியாக வந்தவை. ஆனால் அதே பட்டன் வழியாக வந்த மற்ற ஆர்டர்களில் வரி ஒழுங்காக இருந்தது. இதுதான் என்னைக் குழப்பியது. பட்டனில் கோளாறு என்றால் எல்லாவற்றிலும் அல்லவா வர வேண்டும்?

பணம் வாங்கித் தரும் கம்பெனியின் உதவி மையத்துக்கு எழுதினேன். கேச் கிளியர் செய்யுங்கள் என்றார்கள், செய்தேன். வரி அமைப்பைச் சரிபாருங்கள் என்றார்கள், ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பினேன். மூன்றாவது பதிலில், மாநிலம் மாநிலமாக வரி போடாமல் இந்தியா முழுவதுக்கும் வரி அமைப்பில் ஒரே ஐஜிஎஸ்டி (மாநிலம் விட்டு மாநிலம் விற்றால் வரும் வரி) வரிசை போட்டுவிடுங்கள் என்று யோசனை. நான்காவது பதில், பிரச்சினை தீர்ந்ததாகக் கருதி டிக்கெட்டை மூடுகிறோம் என்று. என் வரி விவரத்தை ஒருவராவது திறந்து பார்த்ததாகத் தெரியவில்லை.

அந்த மூன்றாவது யோசனையை யாரும் கேட்டுவிடாதீர்கள். புதுச்சேரிக்குள் விற்றால் மத்திய அரசுக்கான சிஜிஎஸ்டி பாதி, மாநில அரசுக்கான எஸ்ஜிஎஸ்டி பாதி. வெளியே போனால்தான் ஐஜிஎஸ்டி. யூனியன் பிரதேசம்தானே என்று சில பில் மென்பொருள்கள் யுடிஜிஎஸ்டி என்று காட்டும், அதுவும் தப்பு. சட்டசபை இருப்பதால் நமக்கு எஸ்ஜிஎஸ்டிதான். இந்தியா முழுவதுக்கும் ஐஜிஎஸ்டி என்று போட்டால் திரையில் வரி வந்துவிடும், மனசுக்கும் நிம்மதியாக இருக்கும். ஆனால் உள்ளூர் ஆர்டருக்குத் தப்பான தலைப்பில் வரி கட்டியதாக ஆகும். அப்புறம் சரியான தலைப்பில் மறுபடி முழுசாகக் கட்டி, முதலில் கட்டியதை ரீஃபண்ட் கேட்க வேண்டும்.

சைட் போட்டுக் கொடுத்த தம்பி கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறார். போனில் சொன்னால் சரிவராது என்று லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கடலூர் பஸ் ஏறினேன். தம்பி என் எதிரிலேயே தன் போனில் ஒரு பெட்டி ஆர்டர் போட்டார். 420, ஐஜிஎஸ்டி 20 என்று அழகாக வந்தது. இன்னொரு தடவை போட்டார். வந்தது. "அக்கா, வருதே. ஆடிட்டர் பழைய பில் எதையாவது பார்த்திருப்பார்." அவர் மேல் தப்பு சொல்ல முடியாது. என் கண் முன்னால் வரி வந்தது. ஒரு நாள் வேலை போனதுதான் மிச்சம். வீட்டுக்கு வந்தால் நெல்லித்தோப்பிலிருந்து புது ஆர்டர் காத்திருக்கிறது. 400 ரூபாய், வரி பூஜ்யம்.

அன்று ராத்திரி 31 ஆர்டரையும் பிரின்ட் எடுத்துத் தரையில் பரப்பினேன். தேதி, தொகை, பணம் கட்டிய விதம் என்று ஒவ்வொன்றாக ஒப்பிட்டேன், ஒன்றும் தெரியவில்லை. கடைசியில் முகவரியைச் சிவப்புப் பேனாவால் அடிக்கோடிட்டேன். லாஸ்பேட்டை, வில்லியனூர், பாகூர், காரைக்கால், திரும்ப லாஸ்பேட்டை. எல்லாமே புதுச்சேரிப் பிரதேசம், தமிழ்நாட்டு முகவரி ஒன்றுகூட இல்லை. தம்பி கடலூரில் உட்கார்ந்து கடலூர் முகவரியை வைத்துச் சோதித்தால் எப்படித் தெரியும்?

வரி வந்த உள்ளூர் ஆர்டர் ஒன்றையும் வராத ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து பார்த்தேன். சாதாரண செக்அவுட்டில் வந்ததில் மாநிலம் என்ற கட்டத்தில் பிஒய் என்று இரண்டெழுத்துக் குறியீடு. எக்ஸ்பிரஸில் வந்ததில் அதே கட்டத்தில் புதுச்சேரி என்று முழுப் பெயர். என் கடை மென்பொருளின் மாநிலப் பட்டியலில் நம் ஊர் இன்னும் பாண்டிச்சேரிதான். 2006-இல் பெயர் மாறியது அந்தப் பட்டியலுக்குப் போய்ச் சேரவில்லை. எக்ஸ்பிரஸ் பட்டனுக்கான பிளகின் (துணை மென்பொருள்) முழுப் பெயரை அனுப்பும், கடை அதைப் பட்டியலில் தேடிக் குறியீடாக மாற்றிக்கொள்ளும். தமிழ்நாடு இரண்டு பக்கமும் ஒரே பெயர், அதனால் சிக்கல் இல்லை. புதுச்சேரியைத் தேடினால் கிடைக்காது. கிடைக்காத மாநிலத்துக்கு வரியும் கிடையாது என்று முடிவுகட்டி, 420-க்குள் இருந்த வரியைக் கழித்துவிட்டு 400 வாங்கியிருக்கிறது. கூரியர் கட்டணத்துக்கும் அதே கதைதான்.

காரணம் தெரிந்ததும் ராத்திரியே சரிசெய்துவிட வேண்டும் என்று நான் அவசரப்பட்டேன். பழைய வரிசைகளை அழித்துவிட்டு, மாநிலத்தைக் காலியாக விட்டு, 605-இல் தொடங்கும் பின்கோடு எல்லாம் புதுச்சேரி என்று போட்டேன். மறுநாள் ஆரோவில்லிலிருந்து ஆர்டர் வந்தது. பின்கோடு 605101, மாவட்டம் விழுப்புரம், அதாவது தமிழ்நாடு. பில்லில் சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி. விழுப்புரம் டவுனே 605602 என்பதை நான் யோசிக்கவே இல்லை. அந்தப் பக்கம் பாகூர் நம் ஊர், ஆனால் பின்கோடு 607402, கடலூரைப் போல. நம் பிரதேசத்திலேயே சேர்ந்த காரைக்கால் 609602, மாஹே 673310, யானம் 533464. நம் எல்லையைப் பின்கோட்டை வைத்துப் பிடிக்கவே முடியாது, யாரும் முயற்சி செய்ய வேண்டாம். நல்லவேளை, சரக்கு கிளம்பவில்லை. அந்த பில்லை ரத்து செய்துவிட்டுப் புதிதாகப் போட்டேன்.

தம்பிக்குப் போன் செய்து, "சென்னை, கடலூர் எதுவும் வேண்டாம், லாஸ்பேட்டை முகவரி ஒண்ணு போட்டுப் பாருங்க" என்றேன். பத்து நிமிஷத்தில் அவரே கூப்பிட்டார். "அக்கா, புடிச்சிட்டேன்." புதுச்சேரி, பாண்டிச்சேரி என்று எந்த எழுத்துக்கூட்டலில் வந்தாலும் பிஒய் ஆக மாற்றுகிற மாதிரி சில வரிக் கோடு எழுதிச் சேர்த்தார். வரிசைகளை நான் திரும்பப் போட்டபோது இன்னொரு தடுக்கல். சிஜிஎஸ்டி மட்டும் வந்தது, எஸ்ஜிஎஸ்டியைக் காணோம். இரண்டுக்கும் முன்னுரிமை எண் 1 என்று கொடுத்திருந்தேன். ஒரே எண் இருந்தால் ஒன்றைத்தான் எடுக்கும். ஒன்றுக்கு 1, இன்னொன்றுக்கு 2 என்று மாற்றியதும் இரண்டும் வந்தன. கூரியர் கட்டணத்துக்கும் வரி சேர, ஷிப்பிங் என்ற கட்டத்தில் டிக் இருக்கிறதா என்பதையும் அப்படியே பாருங்கள். வரியைக் கணக்கிடுவது பில்லிங் முகவரியை வைத்தா, டெலிவரி முகவரியை வைத்தா என்ற அமைப்பும் முக்கியம். சரக்கு போய்ச் சேரும் முகவரியைத்தான் வைக்க வேண்டும்.

பணக் கணக்குக்கு வருவோம். 31 பேரிடமும் போய் இருபது இருபது ரூபாய் கேட்க எனக்கு மனசு வரவில்லை. ஆடிட்டர், வாங்கின தொகையையே வரி சேர்ந்ததாக வைத்துக் கணக்கிடலாம் என்றார். ஜிஎஸ்டி விதி 35-இல் அதற்கு வழி இருக்கிறதாம். தொகையை 5-ஆல் பெருக்கி 105-ஆல் வகுக்க வேண்டும். கூரியர் உட்பட மொத்தம் 13,650 ரூபாய், வரி 650. சிஜிஎஸ்டி 325, எஸ்ஜிஎஸ்டி 325. செப்டம்பர் ரிட்டர்ன் இன்னும் போகாததால் அதில் நேராகவே சரியானது. ஆகஸ்ட் ஏற்கெனவே போய்விட்டதால் திருத்தம் போட்டு, தாமதத்துக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டியும் சேர்த்துக் கட்டினோம். வட்டி சில்லறைதான். ஆனால் இதே தப்பு தீபாவளி சீசன் முழுக்க ஓடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது.

புதிதாக எக்ஸ்பிரஸ் பட்டன் வைப்பவர்கள் 105 ரூபாய்க்கு ஒரு சோதனைப் பொருள் போட்டு, நிஜப் பணத்திலேயே வாங்கிப் பாருங்கள். டெஸ்ட் மோடில் வருவது ஒரு சாம்பிள் முகவரிதான், அதில் எங்கள் கோளாறு தெரியவே இல்லை. உங்கள் மாநிலத்துக்குள் ஒன்று, வெளியே ஒன்று, இரண்டும் கட்டாயம். நான் லாஸ்பேட்டை, பாகூர், ஆரோவில், கடலூர் என்று தெரிந்தவர்களை விட்டு வாங்கச் சொல்லி, பில்லைப் பார்த்துவிட்டுப் பணத்தைத் திருப்பி அனுப்பினேன். நான்கும் சரியாக வந்தன.

காரைக்காலுக்கு மட்டும் அந்த டீச்சரம்மாவையே கேட்டேன். நடந்ததைச் சொல்லி மன்னிப்பும் கேட்டேன். சோதனைப் பொருள் வேண்டாம், பெட்டி தீர்ந்துபோச்சு, நிஜமாகவே வாங்குகிறேன் என்றார். கொஞ்ச நேரத்தில் வாட்ஸ்அப்பில் பில்லைப் படம் எடுத்து அனுப்பினார். சிஜிஎஸ்டி 10, எஸ்ஜிஎஸ்டி 10, மொத்தம் 420. கீழே, "இப்ப சரியா இருக்காம்மா?" என்று கேட்டிருந்தார்.