மந்திக்கு நாலு பேர் வேணும்

வெள்ளிக்கிழமை நைட்டு சென்னை ஓஎம்ஆர்ல எந்த மந்தி (அரபு ஸ்டைல் கறிச்சோறு) கடைக்கு போனாலும் வாசல்லயே ஒரு கூட்டம் நிக்கும். நோட்டு வச்சிக்கிட்டு பேரு எழுதறவரு மொதல்ல கேக்கறது "எத்தன பேரு சார்?" தான். ஒருத்தர்தான்னு சொன்னா ஒரு மாதிரி பாப்பாரு. அவரு மேல தப்பு இல்ல, அந்த சாப்பாடே தனி ஆளுக்குன்னு செய்யறது கிடையாது. மெனுல குவாட்டர்னு (கால் பங்கு மந்தி) ஒன்னு இருக்கும், ஆனா அத ஒரு ஆளா முடிச்சா மறுநாள் மதியம் வரைக்கும் பசி எட்டிப் பாக்காது.

நாங்க ஆபீஸ்ல அஞ்சு பேரு போனோம், அதுல ஒருத்தன் சுத்த சைவம் (அவன் கதைக்கு அப்புறம் வரேன்), ஒருத்தன் தூத்துக்குடி பக்கம் காயல்பட்டினத்துக்காரன். உள்ள போனா சத்தம்னா அப்படி ஒரு சத்தம், ஒரு மூலைல பர்த்டே கேக் வெட்டிக்கிட்டு இருக்காங்க, இன்னொரு பக்கம் ஒரு குடும்பம் தூங்கற குழந்தைய திண்டு மேல படுக்க வச்சிட்டு நிம்மதியா எலும்ப கடிச்சிட்டு இருக்கு, நடுவுல ஒரு பொண்ணு தட்டு வந்ததும் யாரையும் தொட விடாம போன தூக்கி பிடிச்சி வீடியோ எடுத்துட்டு இருக்கா. கீழ உக்காந்து சாப்பிடற எடம்தான் காலின்னு சொன்னாங்க. டைட்டா ஜீன்ஸ் போட்டு வந்த எங்க டீம் லீடு சம்மணம் போட முயற்சி பண்ணி கடைசில ஒரு கால நீட்டி ஒரு கால மடக்கி பாதி படுத்த மாதிரி செட்டில் ஆனாரு.

தட்டு வந்துச்சு. ரெண்டு கையாலயும் தூக்கிட்டு வர்ற சைஸ் ஸ்டீல் தட்டு. நீள நீளமா உதிரி உதிரியா சோறு, பாதி வெள்ள, அங்கங்க மஞ்சள், ஓரத்துல கொஞ்சம் ஆரஞ்சு. அது மேல மட்டன், விரல வச்சி லேசா தள்ளினாலே எலும்ப விட்டு கழண்டு வருது. பொரிச்ச வெங்காயம், முந்திரி, திராட்சை. பக்கத்துல சின்ன கிண்ணத்துல தக்காளி சட்னி, வெள்ளையா மயோனைஸ்.

உடனே டீம் லீடு கை தூக்கி "பிரதர், நாலு எக்ஸ்ட்ரா பிளேட்"னாரு. காயல்காரன் தலைல கை வச்சிட்டான். "அண்ணே, பிளேட்டுல போட்டு திங்கறதுக்கு பிரியாணி கடைக்கே போயிருக்கலாமே."

அவங்க ஊர்ல கல்யாணம்னா சஹன் சாப்பாடுதான். ஒரு பெரிய தட்டுல நெய்ச்சோறு, களறிக் கறி (கல்யாணத்துக்கு வைக்கற மட்டன் குழம்பு), கத்தரிக்கா. ரெண்டு மூனு பேரு சுத்தி உக்காந்து ஒரே தட்டுல சாப்பிடுவாங்க, பக்கத்துல உக்காந்திருக்கறவன் யாருன்னு கூட தெரியாம இருக்கலாம், சாப்பிட்டு எழுந்திரிக்கும்போது சொந்தக்காரன் மாதிரி ஆயிடுவான்னு சொல்றான். அதுக்குன்னு ஒரு ஒழுங்கு இருக்கு. வலது கையால, தனக்கு முன்னாடி இருக்கறத மட்டும் எடுத்து சாப்பிடணும், எதிர்ல இருக்கறவன் பக்கம் போய் கிண்டக் கூடாது (இது ஹதீஸ்லயே, அதாவது நபிமொழிலயே இருக்கு). கறி நடுவுல இருந்தா நீ பிச்சி அடுத்தவன் பக்கம் தள்ளி விடணும், அவன் உன் பக்கம் தள்ளி விடுவான்.

எங்க வீடுகள்ல எப்படி? எச்சில். தண்ணி கூட வாய் வைக்காம தூக்கி குடின்னு சொல்லி வளத்திருக்காங்க. அக்கா தட்டுலேந்து ஒரு அப்பளம் எடுத்தாலே எங்கம்மா "எச்சக் கையால தொடாதடா"ன்னு அடுப்படிலேந்தே கத்தும். அப்படி வளந்த கூட்டம் திடீர்னு நாலு கைய ஒரே சோத்துல விடணும்னா கூச்சமாத்தான் இருக்கும். எனக்கும் மொத ரெண்டு வாய் ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு, பொய் சொல்ல மாட்டேன். மூனாவது வாய்ல அது எங்க போச்சுன்னே தெரியல.

ஆனா ஒன்னு கவனிச்சேன். எக்ஸ்ட்ரா பிளேட் வச்சி சாப்பிடற டேபிள்ல மொத அஞ்சு நிமிஷம் பூரா பங்கு பிரிக்கறதுதான் நடக்குது. நல்ல பீஸ் யாருக்கு, யாரு தட்டுல எலும்பு மட்டும் போச்சு, முந்திரி பூரா ஒருத்தனுக்கே விழுந்துருச்சேன்னு. தட்டுல விழுந்ததும் அது அவன் சொத்து. அப்புறம் ஆளாளுக்கு குனிஞ்சி போன் பாத்துட்டு சாப்பிடறாங்க. ஒரே தட்டுல சாப்பிடும்போது ஒரு கைல போன் வச்சிட்டு உக்கார முடியல, அசந்தா உன் பக்கத்து சோறு சரிஞ்சி அடுத்தவன் பக்கம் போயிடும். வேகமா தின்னறவன் தானா மெதுவாகறான், ஏன்னா அவன் பக்கம் மட்டும் குழி விழுந்தா எல்லாருக்கும் தெரியும். எங்க டீம் லீடு பக்கம் விழுந்த குழிய நாங்க ராத்திரி பூரா ஓட்டினோம்.

சாப்பாட்ட பத்தியும் சொல்லணும். மந்தி ஏமன் நாட்டுல ஹத்ரமவுத்ங்கற பக்கத்து சாப்பாடு. தரைல குழி தோண்டி அடுப்பு, அடில கரி, அது மேல சோத்து அண்டா, அதுக்கும் மேல கறிய வச்சி மூடிடுவாங்க. கறிலேந்து இறங்கற கொழுப்பும் சாறும் சோத்துல சொட்டி சொட்டி வேகும், விஷயமே அதுதான். மசாலா கம்மி, நம்ம பிரியாணி மாதிரி மூக்குல ஏறாது. ஹைதராபாத்ல பார்காஸ்னு ஒரு ஏரியா இருக்கு, நிஜாம் படைல வேல பாத்த ஹத்ரமவுத் அரபிகளோட வம்சம் இன்னும் அங்க இருக்காங்க, மந்தி கடைக்கு அந்த ஏரியா ரொம்ப ஃபேமஸ். இன்னொரு பக்கம் வளைகுடா போய் வந்த மலையாளிங்க கேரளா பூரா குழிமந்தி கடை போட்டாங்க. நம்ம ஊரு கடைங்க போர்ட பாத்தாலே பாதி ஹைதராபாத் வாசம், பாதி மலப்புறம் வாசம்.

இதுல ஏமாத்து வேலையும் உண்டு. கலர் சோத்த தனியா வடிச்சி வச்சிட்டு, கிரில் பண்ண சிக்கன மேல தூக்கி வச்சி, நடுவுல ஒரு துண்டு கரிய போட்டு நெய் ஊத்தி புகை காட்டி மூடி குடுத்துடுவாங்க. மூடிய தொறந்ததும் புகை வரும், வாவ்னு இருக்கும், மூனு வாய்ல முடிஞ்சிடும். கண்டுபிடிக்க ஒரே வழி, கறி படாத ஓரத்து சோத்த சும்மா வெறுமனே ஒரு வாய் போட்டு பாக்கறது. அதுல கறி ருசி இருந்தா அது மந்தி. அதனாலதான் நான் எப்பவும் மட்டன் சொல்லுவேன், பொரிச்ச சிக்கன் மந்தின்னு ஒன்னு விக்கறாங்க பாருங்க, அது சோத்து மேல உக்காந்திருக்கற கேஎஃப்சி, அவ்வளவுதான்.

மயோனைஸ்னு சொன்னேன்ல, 2025 ஏப்ரல்ல பச்ச முட்டைல செய்யற மயோனைஸ தமிழ்நாடு அரசு ஒரு வருஷத்துக்கு தடை பண்ணுச்சு, சால்மோனெல்லா மாதிரி கிருமி பயம்தான் காரணம். அதுக்கப்புறம் நெறைய கடைல முட்டை இல்லாத சமாச்சாரம்தான். எனக்கு நஷ்டமே இல்ல, மந்திக்கு தக்காளி சட்னி போதும், மயோனைஸ் போட்டு பெசஞ்சி சாப்பிடறவங்கள பாத்தா எனக்கு கொஞ்சம் கோவமே வரும்.

சைவக்காரன் பாவம். பனீர் டிக்காவும் ரெண்டு ரொட்டியும் சொன்னான், தனித் தட்டு, ஓரத்துல உக்காந்தான். காயல்காரன்தான் வெயிட்டர கூப்பிட்டு ஒரு லெமன் மின்ட் ஜாடியும் பெரிய குனாஃபா (சீஸ் வச்ச அரபு இனிப்பு) ஒன்னும் சொன்னான், "இது எல்லாருக்கும் நடுவுல"ன்னு. குனாஃபால சீஸ் நூல் நூலா இழுத்துட்டு வந்துச்சு, அத அறுக்கறதுக்குள்ள அஞ்சு ஸ்பூனும் மோதிக்கிச்சு, சைவக்காரனுக்குத்தான் பெரிய பங்கு போச்சு, யாரும் கேள்வி கேக்கல.

பில்லு வந்ததும் அஞ்சா வகுக்கலாம்னு டீம் லீடு சொல்ல, பனீர் சாப்பிட்டவன் மட்டன் காச ஏன் குடுக்கணும்னு நான் சண்ட போட்டேன். கடைசில அவன் பங்க குழி தோண்டினவரு தலைல கட்டியாச்சு, ஜிபேல சத்தம் போடாம அனுப்பிட்டாரு.

மிச்ச சோறு பார்சல் எனக்கு. ஃப்ரிட்ஜ்ல வச்சி காலைல கொஞ்சம் தண்ணி தெளிச்சி இட்லி பானைல ஆவி காட்டுங்க, மைக்ரோவேவ்ல வச்சா வெறச்சிடும். நான் வச்சிட்டு குளிக்க போனேன், வந்து பாத்தா முந்திரி ஒன்னு கூட இல்ல. ரூம்மேட்டு சத்தியமா தெரியாதுங்கறான்.