லாயத்தை அளப்பது தரையிலிருந்து

இங்கிலாந்தில் பழைய கட்டடங்களைப் பழுதுபார்க்கும் வேலையில் இருக்கிறேன். அளவெடுத்து வரைபடம் போடுவது என் பொறுப்பு. பெரிய மாளிகைகளை விட அவற்றை ஒட்டியுள்ள குதிரை லாயங்களில்தான் எனக்கு மனம் ஒட்டுகிறது.

டெர்பிஷயரில் உள்ள சாட்ஸ்வொர்த் மாளிகையின் லாயத்தை முதன்முறை பார்ப்பவர்கள் அதையே மாளிகை என்று நினைத்தாலும் தப்பில்லை. நான்காம் டெவன்ஷயர் பிரபுவுக்காக ஜேம்ஸ் பெய்ன் வடிவமைத்து, 1760களில் கட்டி முடித்தது. ஏறக்குறைய 58 மீட்டர் சதுரம், நடுவில் முற்றம், வாசலில் தூண்கள், மேலே மணிக்கூண்டு. வாசலுக்கு மேல் கல்லில் செதுக்கிய இரண்டு ஆண் மான்களுக்கு நிஜக் கொம்புகளையே பொருத்தியிருக்கிறார்கள். இவ்வளவும் 80 குதிரைகளுக்காக!

ஆனால் முகப்பு பிரபுவின் பெருமையைச் சொல்லும், அவ்வளவுதான். குதிரையைப் பற்றித் தெரிய வேண்டுமானால் தரையைப் பார்க்க வேண்டும். பழைய லாயம் எதற்குள் போனாலும் நான் முதலில் மட்டம் பார்க்கும் ரசமட்டத்தைத் தரையில்தான் வைப்பேன். கண்ணுக்குத் தெரியாத ஒரு வாட்டம், அதாவது லேசான சரிவு, இருக்கும். சிறுநீர் தேங்காமல் வடிகாலுக்கு ஓட வேண்டும், அதே சமயம் குதிரை சரிவில் நின்று கால் நோகவும் கூடாது. அந்த வாட்டத்தைக் கணக்காக வைத்த கொத்தனாரின் பெயர் எந்த ஆவணத்திலும் இருக்காது. அப்புறம் நிமிர்ந்து பார்த்தால், குதிரையின் கண்ணில் வெளிச்சம் அடிக்காதபடி உயரத்தில் வைத்த ஜன்னல்கள். மாடியிலிருந்து புல்லைத் தள்ளிவிட ஒரு திறப்பு. சாட்ஸ்வொர்த்தில் மாடியில் தானியக் களஞ்சியம் இருந்தது. லாய வேலைக்காரர்களில் பலர் தங்கியதும் அங்கேதான்.

சுவரின் அடிப்பாகம்தான் எங்களுக்குப் பெரிய தலைவலி. பல தலைமுறைக் குதிரைகளின் சிறுநீர் ஊறி, செங்கல்லுக்குள் நைட்ரேட் உப்பு ஏறியிருக்கும். குதிரைகள் போய் எத்தனையோ வருஷமான பிறகும் அந்த உப்பு காற்றின் ஈரத்தை இழுக்கும். பெயின்ட் கொப்பளிக்கும், பூச்சு மாவாக உதிரும். பார்க்க அசிங்கமாக இருக்கிறதென்று சிமென்ட் பூசிவிட்டால் ஈரம் வெளியேற வழியின்றி செங்கல்லையே தின்றுவிடும். சுண்ணாம்புக் காரைதான் சரி. உப்பைத் தான் வாங்கிக்கொண்டு அது உதிரும், செங்கல் பிழைக்கும். சில வருஷம் கழித்து மறுபடி பூச வேண்டியதுதான்.

சாட்ஸ்வொர்த்திலிருந்து கடைசிக் குதிரைகள் 1939இல் வெளியேறின. இன்று அந்த முற்றத்தில் கடைகளும் உணவகமும் நடக்கின்றன. இப்படிப் புது உபயோகம் கிடைத்த லாயங்கள்தான் இடியாமல் நிற்கின்றன என்பதால் எனக்கு அதில் வருத்தமில்லை. எங்களிடம் வருகிறவர்களும் உணவகம்தான் கேட்கிறார்கள். மேஜை ஆடும், தரையைக் கொத்திச் சமமாக்குங்கள் என்பார்கள். அதற்கு மட்டும் நான் சம்மதிப்பதே இல்லை. பழைய செங்கல் தளத்தை அப்படியே விட்டு, வேண்டும்போது கழற்றக்கூடிய மரத்தளத்தை அதன் மேல் போட்டு, அடியில் காற்றுப் போக இடைவெளி விட்டு வரைந்து கொடுக்கிறேன்.